வேரில் சிவந்த தாயி

அசுரர்கள் ஐந்து பேர். ஐவரின் ரத்தமும் ஐந்து நிறம்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை. தேவர்களுக்கு உடுத்தத் துணி நெய்து கொடுக்கச் சிவபெருமான் படைத்தவர் தேவல மகரிஷி. திருமாலின் நாபிக் கமலத்திலிருந்து நூல் வாங்கிக்கொண்டு அவர் திரும்பும் வழியில் இந்த ஐவரும் மறித்தார்கள். முனிவர் கூப்பிட்டார், தாயி சௌடேஸ்வரி வந்தாள். சிங்கத்தின் மேல், சூலமும் கத்தியுமாக வந்தாள். ஐவரும் விழுந்தார்கள். வழிந்த ரத்தத்தில் முனிவர் நூலை நனைத்தெடுத்தார். துணிக்கு நிறம் வந்த கதை இது என்கிறது எங்கள் நெசவுக் குலத்துத் தேவாங்க புராணம்.

"நம்ம சாமி சாயப்பட்டறையில பொறந்தவ கண்ணு" என்பார் என் பெரியப்பா. புராணத்தை அப்படிச் சுருக்கக் கூடாதுதான். ஆனால் ஒரு நவராத்திரியில், காந்திபுரத்து மொட்டை மாடியில் நான் கண்டதற்குப் பிறகு அவரோடு வாதாட எனக்கு வாயில்லை.

கோயமுத்தூரில் விஜயதசமி எங்களுக்குக் கத்தி போடும் நாள். ராஜவீதி சௌடேஸ்வரி அம்மன் கோயிலுக்குத் தாயியை அழைத்து வருவோம். வெறும் மார்போடு, கையில் கத்தியோடு, மேளத்துக்கு ஆடிக்கொண்டே வீரகுமாரர்கள் வருவார்கள். "தீசுக்கோ தாயே, தீசுக்கோ!" என்று வீதி முழுக்க ஒரே குரல். கத்தி மார்பிலும் தோளிலும் விழும். ரத்தம் வழியும். கூட வருகிறவர் திருமஞ்சனப் பொடியை அள்ளிக் காயத்தில் அப்புவார், ஆட்டம் நிற்காது. எங்கள் வீட்டில் பேச்சு கன்னடம், கடைவீதியில் கொங்குத் தமிழ், தாயியைக் கூப்பிடும்போது மட்டும் தெலுங்கு. ஏற்றுக்கொள், ஏற்றுக்கொள் என்று கெஞ்சுகிற அந்தக் கூப்பாட்டுக்கு வயிற்றுக்குள் ஏதோ புரளும். சின்ன வயதில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் பயப்படலாம், முகம் சுளிக்கலாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்காக அவள் ஒரு நாள் சிந்த வைத்த ரத்தத்துக்கு நாங்கள் வருஷா வருஷம் கட்டும் வட்டி அது. இதுவும் பெரியப்பா சொன்னதுதான்.

பெரியப்பா கைத்தறிச் சங்கத்துக்கு நூல் நனைத்துக் கொடுத்தவர். வாட், நாப்தால் என்று டப்பாச் சாயங்களின் பெயர்கள்தான் அவர் வாயில் வரும். விரல் இடுக்கில் நிறம் போகாமலே முப்பது, நாற்பது வருஷம் ஓட்டிவிட்டு, வயதான பிறகு மகன் வீட்டோடு காந்திபுரத்துக்கு வந்துவிட்டார். அங்கே வீதிகளுக்கு நம்பர்தான் பெயர். அப்படி ஒரு நம்பர் வீதியில், கிராஸ்கட் ரோட்டுக் கடைகளின் முதுகைப் பார்த்தபடி இருக்கும் வீடு. பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் இரவு பகலாக மாடிக்கு வரும். அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்: "சாகறதுக்குள்ள தாயிக்கு ஒரு துணி. டப்பா படாம. எங்கய்யன் சொன்ன மாதிரி, வேர்லயே."

வேர் என்று அவர் சொன்னது சாயவேரை. சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்பார்கள். நான் அதைச் செடியாகப் பார்த்தது ராமேஸ்வரத்தில். தனுஷ்கோடிச் சாலையில், கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் பக்கத்து மணலில். பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கூட வந்தவர் காட்டினார். கணுக்கணுவாகக் கிளைத்து மணலோடு மணலாகக் கிடக்கிறது. ஊசி ஊசியாக இலை. நுனியில் கொத்தாக வெள்ளைப் பூ. நாலே இதழ், மூக்குத்திக் கல் அளவு. செருப்புக் காலோடு எத்தனை பேர் மிதித்துப் போயிருப்பார்களோ! மலைமேல் விளையும் காப்பியும் நம் வேலியோர மஞ்சணத்தியும் இதன் குடும்பம்தான், ஆனால் அவற்றின் மிடுக்கு இதனிடம் துளியும் இல்லை. விரலால் மணலைத் தள்ளிப் பார்த்தால் வேர் நூலாக ஓடுகிறது. பூவில் சிவப்பில்லை, இலையில் இல்லை, தண்டில் இல்லை. வேரின் தோலில் மட்டும் மங்கலாக ஒரு செம்மஞ்சள்.

தாயே, எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தாய்!

ராமலிங்கம் இருக்கிற தீவு அது. ராமலிங்க சௌடேஸ்வரி என்றுதான் எங்கள் பக்கத்தில் அம்மனைச் சொல்வோம். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் மனசுதான், சாஸ்திரம் எதுவும் இல்லை. ஆனால் அன்றைக்கு அக்கினி தீர்த்தத்தில் முங்கி எழுந்த ஈரம் காயாமல் அந்த மணலில் குந்தியிருந்த எனக்குச் சாஸ்திரம் தேவைப்படவில்லை.

ராமநாதபுரக் கரையின் சாயவேருக்கும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளின் சாயவேருக்கும் ஒரு காலத்தில் பெரிய மதிப்பு. ஆழியின் சிப்பியும் சங்கும் பொடிந்து கலந்த மண் அது. அந்தச் சுண்ணச் சத்து இருந்தால்தான் சிவப்பு முழுசாகப் பிடிக்கும். இலங்கையில் டச்சுக்காரர்கள் ஆண்டபோது, வேர் தோண்டுவதற்கென்றே குடிகள் இருந்தார்கள். தோண்டியதைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து போன பூத்துணிகள் ஐரோப்பாவைக் கிறுக்குப் பிடிக்க வைத்த காலம். இந்தச் சிவப்பு எப்படித் துவைத்தாலும் போகாமல் நிற்கிறது என்று அங்கே எல்லோருக்கும் ஒரே கேள்வி. கேர்து என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் நம் கரையின் சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்து, 1742இல் கடிதமாக எழுதி அனுப்பினார்: கடுக்காய், எருமைப் பால், படிகாரம், சாயவேர். கொள்ளிடக்கரைக் கோடாலிக் கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரசகுடும்பத்துக்காகச் சரிகையோடு நெய்து எழுதிய சேலைகளில் இருப்பதும் இந்தச் சிவப்பு. தேருக்குத் தொம்பை, சந்நிதிக்குத் திரைச்சீலை, மேற்கட்டிக்கு அஸ்மானகிரி என்று கோயில் கோயிலாகத் தொங்கியதும் இதே. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது; சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் எழுதுகிறார்கள்.

வேரை வீழ்த்தியது வேரின் சாரமேதான். அலிசரின் என்று அதற்குப் பெயர். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அதை நிலக்கரித் தாரிலிருந்தே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் டப்பாவில் அடைத்து நம் ஊர் வந்து சேர்ந்தது. தோண்ட வேண்டாம், உலர்த்த வேண்டாம், இடிக்க வேண்டாம். யார்தான் வேருக்குப் போவார்கள்? நான் அதற்காக அழுகிறவள் இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் வேரில் துணி நனைத்துக் கட்டுப்படியாகாது. பேரூர் பட்டீஸ்வரரைத் தொட்டுக்கொண்டு போகிற நொய்யல் திருப்பூரில் என்ன பாடுபட்டது என்பதும் தெரியும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அதெல்லாம் பெரிய வழக்கு. பெரியப்பாவின் வழக்கு ஒரு துணி, அதுவும் அவளுக்கு.

அந்த ஒரு துணிக்கான வேர் வந்துவிட்டது. காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்த் தூளும் எருமைப் பாலும் கலந்த கரைசலில் முக்கி, பிழிந்து, மாடிக் கொடியில் பெரியப்பா காயப்போட்டார். பால் வாடை. காக்கை வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது. பாலின் கொழுப்பு நூலைப் பற்றிக்கொண்டால்தான் அடுத்து எழுதுவது பரவாமல் நிற்கும். துணி இளமஞ்சளாகக் காய்ந்தது.

அப்புறம் எழுத்து. மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, நடுவில் கம்பளி நூலை உருண்டையாகச் சுற்றிய கலம். சுற்றிய நூல் கரைசலைக் குடித்துக்கொள்ளும், விரலால் அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். தொட்டுக்கொள்வது வெறும் படிகாரத் தண்ணீர். தண்ணீருக்கு நிறமில்லை. கலம்காரிக்காரர்கள் எழுதிய இடம் தெரியட்டும் என்று கொஞ்சம் நிறம் கலந்துகொள்வார்கள்; பிறகு அது போய்விடும். "கலந்துக்கலாமுங்களா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"வேண்டாஞ் சாமி. நமக்குத் தெரியோணும்னு என்ன இருக்குது? அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்."

கண் பார்வை குறைந்த மனுஷர். ஈரம் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கோடு இழுத்தார். சூலம். அதன் இரு பக்கம் இரண்டு கண்கள். கீழே ஒரு கத்தி. ஈரம் உலர்ந்ததும் துணியில் ஒன்றுமே இல்லை. இளமஞ்சள் துணி, அவ்வளவுதான். நான் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இரண்டு நாள் அதை அப்படியே சாமி அலமாரியில் மடித்து வைத்திருந்தார். அந்த இரண்டு நாளும் வெறுந்துணிக்குத்தான் விளக்குப் போட்டோம்.

ஆயுத பூஜைக்குள் வேலை முடிய வேண்டும். அன்றைக்கு அண்டா, அகப்பை, கலம் எல்லாம் பூஜைக்கு உட்கார்ந்துவிடும், தொடக்கூடாது. எனவே அஷ்டமியன்று விடியற்காலையில் அடுப்பு மூட்டினோம். நான் குழாயைத் திறந்து சிறுவாணித் தண்ணீரைப் பிடிக்கப் போனேன். பெரியப்பா தடுத்தார்.

"போர் தண்ணி புடி கண்ணு. சிறுவாணி குடிக்கத்தான் லாயக்கு."

உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று கோயமுத்தூர்க்காரர்கள் பெருமை பேசும் சிறுவாணி, மெல்லிய தண்ணீர். அதில் சுண்ணச் சத்து மிகக் குறைவு. வாயில் வைக்க முடியாத போர்த் தண்ணீரில் அது இருக்கிறது. ராமேஸ்வரத்து மண்ணில் சிப்பி செய்யும் வேலையைக் காந்திபுரத்து ஆழ்துளைக் கிணறு செய்யும். போதாதற்கு வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டார். துணியின் எடையைப் போல இரண்டு பங்கு வேரை இடித்துப் போட்டோம். தண்ணீர் கலங்கி, செம்மண் குட்டை நிறத்துக்கு வந்தது. எழுதிய துணியை நன்றாக அலசிவிட்டு, ஓம் சக்தி என்று உள்ளே இறக்கினார்.

தீயைக் கூட்ட விடவில்லை. கை பொறுக்கும் சூட்டிலிருந்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்க விட்டால் சிவப்பு கெட்டுப் பழுப்பு ஏறிவிடும். அவர் கோலால் புரட்டிக்கொண்டே இருந்தார், நான் சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தேன். புகை கண்ணைக் கரித்தது. வேர் வெந்து மண் வாசமும் இனிப்பும் கலந்த ஒரு வாசம் எழுந்தது. ஒரு முறை கோலால் தூக்கிக் காட்டினார்: அழுக்குத் துணி. இன்னொரு முறை: அழுக்குத் துணி. கீழேயிருந்து அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்கத் தோன்றவில்லை.

மூன்றாவது முறை தூக்கினார். ஆவிக்கு நடுவே ஒரு கோடு.

ஒரே ஒரு கோடு. பழுப்புக்கு மேலே, செங்கல் நிறத்தில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்கிற்று, பக்கவாட்டில் பிரிந்தது, சூலமாயிற்று. துணியை மறுபடி முக்கினார். எடுத்தார். கண்! இடது கண் முதலில், பிறகு வலது. இரண்டு நாளாக வெறுந்துணிக்குள் மூடிக் கிடந்த கண்கள் சூடேறிய தண்ணீருக்குள்ளிருந்து சிவந்து திறந்து என்னைப் பார்த்தன. சிற்பி உளியால் கண் திறக்கும்போது யாரும் எதிரே நிற்கக் கூடாது, கண்ணாடியையும் பசுவையும்தான் முதலில் காட்ட வேண்டும் என்பார்கள். எனக்கு விலகத் தோன்றவில்லை. விலகக் காலும் இல்லை. நான் இருக்கிறேனா என்றே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டரின் குரல் காற்றோடு மாடிக்கு ஏறிவந்தது. சத்தியமங்கலம் பஸ். "சத்தி சத்தி சத்தி சத்தி!" என்று மூச்சு விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தினமும் கேட்கிற குரல்தான். அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு. சக்தி, சக்தி, சக்தி. ஊரே அவளைக் கூவி அழைத்தது. ஆட்டோ ஹாரனும் அவளையே அழைத்தது. அடுப்பின் படபடப்பில் அவள், புகையில் அவள், கோலைப் பிடித்திருந்த அந்தக் கிழட்டுக் கையின் நடுக்கத்தில் அவள். எங்கே இருந்தாய் தாயே இத்தனை நாளும்? வேருக்குள் இருந்தாய். தண்ணீர்க் கோட்டுக்குள் இருந்தாய். வெறுந்துணி என்று நான் சலித்துக்கொண்டபோதும் அதற்குள் கண் மூடி உட்கார்ந்து என் சலிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாய். தீ வேண்டும், வேர் வேண்டும், வெந்து கரைய ஒருத்தி வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தாய். வா! இன்னும் சிவந்து வா! என்னை எரித்தாலும் வா!

நான் வாய்விட்டுக் கூப்பிட்டேன் என்று அண்ணி பிறகு சொன்னார். "தீசுக்கோ தாயே" என்றேனாம். மாடிப் படியேறி ஓடிவந்து பார்த்தபோது, பெரியப்பா கோலைக் கீழே வைக்காமல், அண்டாவுக்கு எதிரே நின்றபடி அழுதுகொண்டிருந்தாராம். நான் கரி படிந்த தரையில் விழுந்து கிடந்தேனாம்.

இதை வேதியியல் படித்தவர்கள் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். படிகாரத்தின் அலுமினியம் பட்ட இடத்தில் மட்டும் அலிசரின் போய்க் கட்டிக்கொள்கிறது. மற்ற இடத்தில் ஏறினாலும் நிலைக்காது. உண்மைதான். வரி வரியாக உண்மை. அதைத் தெரிந்துகொண்டே சொல்கிறேன், அலுமினியமும் அவள்தான். யார் யார் மேல் அவள் கலம் எப்போது பட்டதென்று யாருக்குத் தெரியும்? பட்டவர்களுக்கே தெரியாது.

எழுதாத இடத்தில் ஏறியிருந்த மங்கல் நிறம், சாணக் கரைசலில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து நனைக்க நனைக்க வெளுத்துக்கொண்டே வந்தது. சூலமும் கண்களும் கத்தியும் மட்டும் வேளைக்கு வேளை அழுத்தமாயின. வெயில் பட்டால் டப்பாச் சிவப்பு ஓடிப்போகும் என்று பெரியப்பா பழைய கணக்கைச் சொன்னார். எல்லா டப்பாவும் அப்படி இல்லை. அவர் சந்தோஷத்தில் பேசினார், நான் மறுக்கவில்லை.

விஜயதசமியன்று அந்தத் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ராஜவீதிக்குப் போனோம். கூட்டம். மேளம். கத்திகள் வெயிலில் எழுந்து விழுந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு பையன், பதினெட்டு வயது இருக்கலாம், மார்பிலிருந்து வயிறு வரை சிவப்பு வழிய ஆடிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வலியைத் தேடினேன், இல்லை. திருமஞ்சனப் பொடியை ஒரு கை அப்பியது. அப்போதுதான் பெரியப்பா என் காதுக்குள் சொன்னார்: "இம்பூறல் எதுக்குக் குடுப்பாங்க தெரியுமில்ல? ரத்தம் நிக்கறதுக்கு."

தெரியும். இருமும்போது ரத்தம் வந்தால் சித்த வைத்தியர்கள் எடுக்கிற முதல் மூலிகைகளில் இம்பூறல் ஒன்று. இம்பூறல் வடகம், இம்பூறல் மாத்திரை என்று மருந்துகளே உண்டு. தெரிந்தும் நான் இதுவரை சேர்த்துப் பார்க்கவில்லை. துணியில் ரத்தமாகப் பூக்கிறவள், உடம்பில் ரத்தத்தைக் கட்டுகிறாள். ஒரே வேர். சிந்த வைப்பவளும் நிறுத்துபவளும் ஒருத்தி. அசுரனை அறுத்த கையேதான் முனிவனின் நூலுக்கு நிறம் கொடுத்தது. அந்தப் பையனின் மார்பையும் என் மடியில் இருந்த துணியையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் அதே நிறம், நெருப்புக்கும் மண்ணுக்கும் நடுவே. மேளம் என் எலும்புக்குள் அடித்தது. இரண்டாம் முறை விழாமல் இருக்கப் பெரியப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பூசாரி துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். எந்தக் கடை என்று கேட்கவில்லை. தாயியின் பாதத்தில் வைத்து, எடுத்து, பீடத்தின் மேல் சார்த்தினார். தீபம் காட்டும்போது அந்தச் சிவப்புக் கண்களும் அவளுடைய கண்களும் சேர்ந்து நாலாகத் தெரிந்தன. பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வட்டி போச்சு. அசல்ல கொஞ்சம் அடைச்சாச்சு" என்றார்.

படிப்பவர்களில் தறிக்குடும்பத்தில் பிறந்தவர்கள் இருந்தால், அல்லது அம்மனுக்குத் துணி சாத்தும் வேண்டுதல் உள்ளவர்கள் இருந்தால், ஒரு தடவையாவது வேரில் நனைத்துச் சாத்துங்கள். நாட்டு மருந்துக் கடையில் சாயவேர் என்றால் விழிப்பார்கள். இம்பூறல் என்று, வேரோடு காய்ந்த செடியாகக் கேளுங்கள். படிகாரமும் கடுக்காயும் அங்கேயே கிடைக்கும். சிறுவாணித் தண்ணீர் வேண்டாம், போர்த் தண்ணீர் பிடியுங்கள். தீயைக் கூட்டாதீர்கள். மருந்தாகச் சாப்பிடுவதென்றால் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். விஜயதசமிக்கு ராஜவீதி வருகிறவர்கள் வண்டியைக் காந்திபுரத்திலேயே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறி, டவுன்ஹாலில் இறங்கி நடந்து வாருங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.